கேட் ஓரத்தில் கட்டிப்போட்ட நாய் குரைக்காமல் என்ன செய்யும்?

"ஓயாமக் கத்துது, அக்கம்பக்கத்துல சண்டைக்கு வர்றாங்க, குரைக்காம இருக்க கழுத்துல மாட்ட எந்த பெல்ட் வாங்கலாம்?" நாய் வளர்ப்பவர்களின் குழுக்களில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. பதிலாகப் பத்துப் பேர் பத்து பெல்ட்டின் லிங்க்கைப் போடுகிறார்கள். நாயை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

நாய் குரைக்கத்தான் செய்யும். ஆனால் விடிகாலைப் பால்காரர் முதல் ராத்திரி கூர்க்காவின் விசில் வரை தெருவில் அசைகிற எல்லாவற்றுக்கும் குரைக்கிறது என்றால், அந்தப் பழக்கத்தை வளர்த்தது பெரும்பாலும் வீட்டு கேட்தான். கொரியர்காரர் வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வேலை முடிந்தது, போனார் என்பது நமக்குத் தெரியும். நாயின் கணக்கு வேறு: நான் குரைத்தேன், ஆள் ஓடிவிட்டான். பேப்பர் போடுபவர், காய்கறி வண்டி, பள்ளி வேன், தெருநாய் என்று நாள் முழுக்க இதே வெற்றி. ஒவ்வொரு தடவையும் பலன் கிடைக்கிற வேலையை யார்தான் விடுவார்கள்? அதனால்தான் முதலில் கேட்டுக்கு வந்தவரைப் பார்த்துக் குரைத்த நாய், ஆறு மாதத்தில் தெருமுனையில் வருபவரைப் பார்த்தே ஆரம்பித்துவிடுகிறது.

சங்கிலியில் கட்டினால் இன்னும் மோசம். பயந்தால் விலகிப் போகவும் முடியாது, ஆர்வம் வந்தால் போய் மோந்து பார்க்கவும் முடியாது. மிஞ்சுவது தொண்டை மட்டும்தான். நியாயமற்ற நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடை, ஓட்டம் கொடுக்காமல் விடுவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். பலருக்கு இது தெரியாது.

உள்ளேயிருந்து "ஏய்! சும்மா இரு!" என்று கத்துவதிலும் பயனில்லை. நாம் கத்தினால், வீட்டு ஆளும் சேர்ந்து விரட்டுகிறார் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

முதல் வேலை, பார்வையை மறைப்பது. நாய் பின்னங்காலில் நின்றால் கண் எந்த உயரத்துக்கு வருமோ அதுவரை கேட்டின் கம்பிகளை அடைக்க வேண்டும். நாம் 'பொமரேனியன்' என்று சொல்லும் ஸ்பிட்ஸ் வகைக்கு இரண்டரை அடி போதும். லேப்ரடார், ராஜபாளையம் என்றால் நான்கரை, ஐந்து அடி வேண்டும். பச்சை நிழல்வலை கட்டாதீர்கள். ஆள் நகரும் நிழல் அதில் தெரியும். முழு உருவத்தைவிடப் பாதி தெரியும் நிழல் சில நாய்களை இன்னும் கிளப்பிவிடும். பெயின்ட் அடித்த தகரமோ, ஒளி மட்டும் வரும் மங்கலான பாலிகார்பனேட் ஷீட்டோ நல்லது. பிளாஸ்டிக் டையால் கட்டினால் நாய் கடித்துவிடும், ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். மழைத் தண்ணீர் போக அடியில் ஓர் அங்குலம் விடுங்கள். பால்கனிக்கும் இதே முறைதான். ஜன்னலாக இருந்தால் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மங்கல் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். படுக்கும் இடத்தையும் வீட்டுக்குள்ளோ கொல்லைப்பக்கமோ மாற்றுங்கள். பல வீடுகளில் இதிலேயே பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

இதைச் சொன்னதும் வரும் எதிர்க்கேள்வி: "காவலுக்குத்தானே நாய் வளர்க்கிறோம்?" எல்லாவற்றுக்கும் குரைக்கும் நாய் காவலுக்கு ஆகாது. இரவு இரண்டு மணிக்கு அது குரைத்தால் வீட்டில் ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை, பழகிவிட்டதால். இரண்டு மூன்று குரல் கொடுத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும் நாய்தான் காவல் நாய். அதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். 'பார்த்தாச்சு' என்றே வைத்துக்கொள்வோம். சந்தடி இல்லாத அறையில் அந்தச் சொல்லைச் சாதாரணக் குரலில் சொல்லி, உடனே ஒரு துண்டு கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முறை, நாளைக்கு இரண்டு மூன்று தடவை. சொல் காதில் விழுந்ததும் தலை திரும்புகிறதா? அப்போதுதான் வெளியே வர வேண்டும். வீட்டு ஆள் ஒருவரைத் தெருவில் முப்பது அடி தள்ளி நடக்கச் சொல்லுங்கள். குரைப்பதற்கு ஒரு நொடி முன்னால் நாயின் காது நிமிரும், வாய் மூடும், உடம்பு விறைக்கும். அந்த நொடியில் 'பார்த்தாச்சு', உடனே கறி. அப்படியே நாளாக நாளாகத் தூரத்தைக் குறைத்துக்கொண்டு வரலாம்.

தவறு நடப்பதும் இங்கேதான். கறியை மூக்கருகில் நீட்டியும் நாய் வாங்கவில்லை என்றால் தூரம் போதவில்லை, பின்னால் கூட்டி வாருங்கள். வெறியோடு குரைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள், அதற்கு மதிப்பே போய்விடும். மிக அதிகமாக நடக்கும் பிழை, நன்றாகக் குரைத்து முடித்ததும் கறி கொடுப்பது. 'குரை, திரும்பு, தின்னு' என்று நாய் ஒரு வரிசையைக் கற்றுக்கொண்டு, கறிக்காகவே கேட்டுக்கு ஓடும். குரைப்பு தொடங்கிவிட்டால், நின்ற பிறகு மூன்று நொடி அமைதி, அதன்பின்தான் பரிசு. அந்த மூன்றைப் போகப் போகப் பத்தாக்குங்கள். இப்படிக் கொடுப்பதெல்லாம் அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

நாம் சாப்பிட உட்கார்ந்தால் குரைப்பது, பந்தை எறியச் சொல்லிக் குரைப்பது வேறு ரகம். அதற்கு மருந்து கண்டுகொள்ளாமல் இருப்பதுதான். ஆனால் கண்டுகொள்ளாமல் விட்ட முதல் சில நாள் குரைப்பு கூடும். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. அந்த நேரம் பார்த்துத் தாத்தா மனமிரங்கி ஒரு பிஸ்கட்டைப் போட்டால், கொஞ்சம் அதிகமாகக் கத்தினால் கிடைக்கும் என்று அது தெரிந்துகொள்ளும். வீட்டில் எல்லோரும் சம்மதித்த பிறகே ஆரம்பியுங்கள். உட்கார்ந்து அமைதியாக இருக்கும்போது நாமே போய்க் கொடுத்தால் வேகமாகப் பழகும்.

வீடு பூட்டியிருக்கும்போது குரைக்கும் நாயைத் திட்டுவதற்கு முன், பழைய மொபைல் ஒன்றை வீடியோவில் ஓடவிட்டுப் போங்கள். நாம் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் அங்குமிங்கும் நடை, எச்சில் வடிதல், கதவைப் பிராண்டுதல், ஊளை என்று இருந்தால் அது தனிமைப் பயம். தண்டித்தால் கூடத்தான் செய்யும். சாவியை எடுத்துவிட்டு மறுபடி உட்காருவது, கதவைத் திறந்து மூடுவது, ஐந்து நொடி வெளியே நின்று திரும்புவது என்று, நாய் பதறாத அளவிலேயே தொடங்கி மெல்ல நீட்ட வேண்டும். கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குளோமிப்ரமின், ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் இதற்கு உண்டு. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. வீடியோவில் நாய் தூங்கி எழுந்து, அவ்வப்போது எழுந்துபோய்க் குரைத்துவிட்டு வருகிறது என்றால் அது வெறும் சலிப்பு. காலை வெயில் ஏறும் முன் அரை மணி நேரம், இழுத்துக்கொண்டு ஓடாமல் அது மோந்து மோந்து வரும்படி நடத்துங்கள். உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் தயிர்சாதம் அடைத்து ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுங்கள். தாளிப்பும் வெங்காயமும் வேண்டாம்.

நேற்றுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று குரைக்கிறதா? பயிற்சி அப்புறம், முதலில் மருத்துவர். காதுப் புண், மூட்டு வலி எதுவாகவும் இருக்கலாம். வயதான நாய் நடுராத்திரியில் சுவரைப் பார்த்துக் குரைத்தால் கண், காது, மூளை தளர்ந்திருக்கலாம். அதை அடிப்பது கொடுமை.

இப்போது அந்த பெல்ட். குரைத்தால் ஷாக் அடிக்கும் பட்டையை வேல்ஸ் நாடு 2010லேயே தடை செய்துவிட்டது. இங்கே அது ஆன்லைனில் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து நாய் குரைக்கிறது, கழுத்தில் சுரீர் என்கிறது. வலி எங்கிருந்து வந்தது என்று அது நினைக்கும்? அந்தக் குழந்தையிடமிருந்து என்று நினைக்கலாம். பயம் உள்ளேயே இருக்க, எச்சரிக்கும் குரல் மட்டும் அடங்கிப்போன நாய் நேராகக் கடிக்கும். சத்தம் எழுப்பும் கருவிகளும் அப்படித்தான். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். நமக்குக் கேட்காத அந்தச் சத்தம் தெருவில் இருக்கும் மற்ற நாய்களையும் சேர்த்தே வதைக்கும். எல்லாவற்றிலும் ஆபத்தானது வாயைத் துணியாலோ இறுக்கமான மூடியாலோ கட்டி வைப்பது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் வாயைக் கட்டினால் செத்தே போகும்.

கடைசியாக அக்கம்பக்கம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. நாய் வளர்ப்பவர்கள் அதை மட்டும் பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். அதே வழிகாட்டுதல், குறிப்பாக இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க முயற்சி எடுங்கள் என்றும் சொல்கிறது. ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தத்துக்கான வரம்பு 45 டெசிபல். ஆஸ்திரேலியாவில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் 2012ல் 113.1 டெசிபலில் குரைத்து கின்னஸில் ஏறியது. உங்கள் நாய் அவ்வளவு போகாவிட்டாலும், நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவருக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அது தொல்லைதான். இரவு பத்து முதல் ஆறு வரை நாயை வீட்டுக்குள் வையுங்கள். பக்கத்து வீட்டு மணியை நீங்களே போய் அடித்து, பயிற்சி ஆரம்பித்திருக்கிறோம், ஆறு வாரமாவது ஆகும் என்று சொல்லுங்கள். நாங்கள் இல்லாதபோது எந்த நேரத்தில் குரைத்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட முடியுமா என்றும் கேளுங்கள். எந்த நேரம், யார் வரும்போது என்பது தெரிந்தால்தான் எதை முதலில் சரிசெய்வது என்று புரியும்.