அடுப்பைத் திறந்தால் வரும் சிக்னல்

2025 ஜூலையில், சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த 3ஐ/அட்லஸ் என்ற வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எனக்கு நிம்மதி போச்சு. சித்தப்பா அனுப்பிய எல்லா வீடியோவிலும் அது விண்கப்பல்தான். டிசம்பர் 19 அன்று "பூமிக்கு மிக அருகில்" வருகிறது என்று குழுவில் ஒரே பதற்றம். அந்த மிக அருகில் என்பது கிட்டத்தட்ட 27 கோடி கிலோமீட்டர். சூரியனே நமக்கு 15 கோடி கிலோமீட்டரில்தான் இருக்கிறது! கடைசியில் அது ஒரு வால்நட்சத்திரம் செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடைக் கக்கிக்கொண்டு தன் வழியில் போய்விட்டது.

"அப்ப வேற்றுக்கிரகவாசியே இல்லைங்கிறியா?" என்று கேட்டார் சித்தப்பா.

நான் எங்கே சொன்னேன்? எங்கோ இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பால்வெளியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள். வேற்று நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களில் உறுதியானவையே 6,000-ஐத் தாண்டிவிட்டன. இத்தனையிலும் யோசிக்கிற ஜீவன் நாம் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் பூமியில் உயிர் தோன்றி 350 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பகுதி வெறும் நுண்ணுயிர்க் காலம். டைனோசர்கள் 16 கோடி வருஷம் கோலோச்சியும் ஒரு ரேடியோப் பெட்டி செய்யவில்லை. நம் கையில் ரேடியோ வந்தே 130 வருஷம்தான் ஆகிறது. அவர்களும் நாமும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே!

வந்து போனார்கள் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த 3ஐ சூரியக் குடும்பத்துக்குள் நுழைந்தது நொடிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில். நாசாவின் வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்த வேகத்தில் போனாலும் பக்கத்து வீட்டு நட்சத்திரமான ப்ராக்ஸிமாவுக்கு 20,000 வருஷத்துக்கு மேல் ஆகும். அவர்களிடம் இன்னும் வேகமான வண்டி இருக்கலாம். இருக்கட்டும். அதற்கும் எங்காவது ஒரு தடயம் வேண்டாமா?

தடயம் தேடுவது எப்படி என்பதற்கு எனக்குப் பிடித்த கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1998 முதல் அதில் அவ்வப்போது ஒரு விநோதமான சிக்னல் விழுந்துகொண்டிருந்தது. பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஒரு உறுத்தல்: அது ஆபீஸ் நேரத்தில்தான் வரும், அதுவும் மதியச் சாப்பாட்டு வேளையில் அதிகம். அண்டவெளியில் யாருக்கு லஞ்ச் பிரேக்? 2015-ல் எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவியும் கூட்டாளிகளும் ஆளைப் பிடித்தார்கள். மைக்ரோவேவ் அடுப்பு! சூடாகி முடிவதற்குள் யாரோ பசியில் கதவைத் திறந்திருக்கிறார்கள். தொலைநோக்கியும் அதற்குத் தோதான திசையில் திரும்பியிருந்தால் சிக்னல் விழும். வெட்கப்படாமல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். நம் யூடியூப் அண்ணன்கள் கையில் அந்த சிக்னல் கிடைத்திருந்தால் பத்து எபிசோட் ஓடியிருக்கும்.

சித்தப்பா விடவில்லை. "1977 சிக்னலுக்கு என்ன சொல்ற?"

அங்கேதான் எனக்கும் கொஞ்சம் தடுமாற்றம். அந்த வருஷம் ஆகஸ்ட் 15, அமெரிக்காவின் ஒஹையோவில் பிக் இயர் என்ற தொலைநோக்கியில் பலமான ஒரு சிக்னல், 72 நொடி. சில நாள் கழித்து அச்சுத்தாளைப் பார்த்த வானியலாளர் ஜெர்ரி எஹ்மன் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் "வாவ்!" என்று எழுதினார். வானத்தின் அதே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் பார்க்கும்படி அங்கே இரண்டு வாங்கிகள் இருந்தன. சிக்னல் தொடர்ந்து வந்திருந்தால் இரண்டிலும் விழுந்திருக்க வேண்டும்; ஒன்றில் மட்டும்தான் விழுந்தது. பிறகு எத்தனையோ முறை காதைத் தீட்டிக் கேட்டும் திரும்ப வரவேயில்லை. எஹ்மனே அதை வேற்றுக்கிரகவாசிதான் என்று சாதிக்கவில்லை. 1998-ல் அந்தத் தொலைநோக்கியை இடித்துவிட்டார்கள். எதற்கு? கோல்ஃப் மைதானத்துக்கு இடம் வேண்டுமாம். எனக்கு இன்றும் வயிறு எரிகிற விஷயம் அது.

இவ்வளவையும் சித்தப்பாவுக்குப் பொறுமையாக டைப் செய்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது:

"அந்த மைக்ரோவேவை மனுஷனுக்குச் செய்யச் சொல்லிக்குடுத்தது யாருன்னு யோசிச்சியாடா?"