முதலில் கேபிளைப் பாருங்க, அப்புறம் பேசலாம்

ஞாயிற்றுக்கிழமை கோவை லினக்ஸ் பயனர் கூட்டத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். பெருந்துறையிலிருந்து வந்த அந்தத் தம்பி கேட்டது ஒரே கேள்வி: "லினக்ஸ் போட்டதிலிருந்து ஸ்கிரீன் 1024-க்கு 768-லயே நிக்குதுங்ண்ணா, 1920 லிஸ்ட்லயே வரமாட்டேங்குது." அதாவது, திரை அளவு (ரெசல்யூஷன்) குறைவாகவே நிற்கிறது, 1920-க்கு 1080 என்ற பெரிய அளவைத் தேர்ந்தெடுக்கவே வழியில்லை. கிடைத்த பதில், "உனக்கெல்லாம் விண்டோஸ்தான் தம்பி சரி." நாலு பேர் சிரித்தார்கள்.

சிரித்தவர்களே, கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மானிட்டர் எந்தெந்த அளவில் காட்ட முடியும் என்பதை ஈடிஐடி என்ற 128 பைட் தகவலாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. விஜிஏ என்ற பழைய வகை மானிட்டர் கேபிளில் அது 12, 15-ஆம் பின்கள் வழியாகப் போகும். மட்டமான கேபிளில் அந்தக் கம்பிகளே இருக்காது, அல்லது பின் வளைந்திருக்கும். படம் வரும், தகவல் வராது. தகவல் வராதபோது அநேகமாக எந்த மானிட்டரும் தாங்கும் 1024-க்கு 768-ல் லினக்ஸ் நின்றுகொள்கிறது. அந்தத் தம்பி செய்த தப்பு இதில் எங்கே இருக்கிறது?

"டிரைவர் பிரச்சினையாகவும் இருக்கலாமே" என்பீர்கள். இருக்கலாம். இன்ஸ்டால் செய்யும்போது பூட் வரியில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது லினக்ஸுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) போட்ட நோமோட்செட்டை, அதாவது கிராபிக்ஸ் டிரைவர் திரை அளவை அமைக்காமல் தடுக்கும் சொல்லை, எடுக்காமல் விட்டாலும் இப்படித்தான் நிற்கும். சரி, அதையாவது கேட்டீர்களா?

சோமனூரில் என் மாமாவின் தறிக்கூடத்துக் கணக்குக் கம்ப்யூட்டரிலும் இதேதான் நடந்தது. பார்க்க வந்தவர் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தியிருந்த நேரம், கார்டுக்குக் காசு எங்கே? திரை அளவுக்கான கணக்கைப் போட்டுத் தரும் சிவிடி கட்டளையை 1920 1080 என்று அடித்து, வந்த மோட்லைனை (அந்த அளவின் விவர வரி) திரையை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் நியூமோட், ஆட்மோட் கொடுத்துச் சேர்த்து, அந்த அளவைத் தேர்ந்தெடுத்தேன். திரை விரிந்தது. "இப்பத்தான் மாப்ள எழுத்து மங்காம தெரியுது" என்றார். பிறகு கேபிளை மாற்றினோம், அந்தக் கட்டளைகளுக்கும் வேலை இல்லாமல் போனது.

லினக்ஸில் திரையைக் காட்டும் புது முறையான வேலேண்டில் எக்ஸ்ரேண்டர் எடுபடாது என்று உடனே ஒருவர் வருவார். எடுபடாதுதான். அங்கே நான் சொன்ன பூட் வரியில் வீடியோ அளவைக் கொடுத்துப் பார்க்கலாம். கேபிளை மாற்றினால் வேலேண்டிலும் சரியாகும்.

எனக்கு வலித்தது, அதே கூட்டத்தில் அந்தத் தம்பியைப் பார்த்து "மேனுவல் படிச்சுட்டு வரட்டும்" என்றதுதான். அந்த மேனுவல் ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் லினக்ஸையே முதலில் பார்த்தது 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் வந்த பாஸ் லினக்ஸில் (இந்தியாவில் உருவான லினக்ஸ் வகை). அதைச் சொல்லித்தர ஆளில்லாமல் விண்டோஸுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். லினக்ஸில் திரையைக் காட்டிய பழைய மென்பொருளான எக்ஸ்ஃப்ரீ86 காலத்தில் அதிர்வெண் தப்பாகக் கொடுத்தால் பழைய சிஆர்டி (பருமனான கண்ணாடிக் குழாய்) மானிட்டரே கெட்டுவிடக்கூடும் என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அன்றைக்கு உங்கள் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து சொல்லித் தந்தார்கள்தானே? உங்களை யாராவது விரட்டினார்களா? ஒரு பிள்ளை பஸ் ஏறி வந்து கேட்கிறான், அவனைச் சிரித்து அனுப்ப எப்படி மனசு வந்தது?

அடுத்த கூட்டத்துக்கு நல்ல விஜிஏ கேபிள் ஒன்றும் எச்டிஎம்ஐ ஒன்றும் என் பையில் இருக்கும். ஸ்கிரீன் சரியாக வராதவர்கள் மானிட்டரோடு நேராக என்னிடம் வாங்க.