‘விளையாட்டில் அரசியல் வேண்டாம்’ என்று யாரிடம் சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் கறுப்பின விளையாட்டு வீரர் ஒருவர் வாய் திறந்தால் போதும், “விளையாட வந்தவர் விளையாட்டை மட்டும் பார்க்கட்டும்” என்ற குரல் உடனே கிளம்பிவிடும். என்.பி.ஏ. கூடைப்பந்து பார்க்கும் நம் நண்பர்கள் சிலரும் இதை நியாயமான பேச்சாக எடுத்துக்கொண்டு பகிர்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல 2020-இல் அட்லாண்டாவின் ஒரு பெண்கள் அணியில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நிறவெறியை எதிர்த்து அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டது எல்லோருக்கும் தெரியும். அந்த அணியின் பெண்கள் செய்தது அந்த அளவுக்குத் தமிழில் பேசப்படவில்லை.

அட்லாண்டா ட்ரீம் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணி. அப்போது அதன் உரிமையாளர்களில் ஒருவர் கெல்லி லோஃப்லர். பெரும் பணக்காரர், நியூயார்க் பங்குச்சந்தையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் தலைவர்தான் அவருடைய கணவர். ஜார்ஜியா மாநிலத்தில் காலியான செனட்டர் இடத்துக்கு ஆளுநர் இவரை நியமித்தார். 2020 ஜனவரியில் பதவியேற்றார். மக்கள் வாக்களித்துக் கிடைத்த பதவி இல்லை என்பதால் அந்த நவம்பரில் தேர்தலைச் சந்தித்தாக வேண்டும்.

மே மாதம் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்றது. நாடே தெருவுக்கு வந்தது. ட்ரீம் ஆடும் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ. வீராங்கனைகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். கோவிட் காலம் என்பதால் சீசன் முழுவதும் ஃபுளோரிடாவில் ஒரே இடத்தில் நடந்தது. லூயிவில் நகரில் தன் வீட்டுக்குள்ளேயே போலீஸ் குண்டுக்குப் பலியான பிரியோனா டெய்லரின் பெயரை ஜெர்சியில் தாங்கி ஆடுவது என்று முடிவானது. ஆடுகளத்தின் தரையில் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ (கறுப்பின உயிர்களும் முக்கியம்) என்று எழுதினார்கள். ஜூலையில் லோஃப்லர் லீக் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். இது அரசியல் இயக்கம், விளையாட்டுக்குள் வேண்டாம், ஜெர்சிகளில் அமெரிக்கக் கொடியை வையுங்கள் என்பது அதன் சாரம்.

எழுதியவர் யார் என்று பாருங்கள். பதவியில் இருக்கும் செனட்டர். அரசியலே அவர் வேலை. அணியையும் வைத்துக்கொண்டு, தேர்தலிலும் நின்றுகொண்டு, கொல்லப்பட்ட பெண்ணின் பெயரைச் சொல்பவர்களைப் பார்த்து ‘அரசியல் செய்யாதீர்கள்’ என்றார்.

வீராங்கனைகள் முதலில் கொதித்தார்கள். அவரை அணியிலிருந்து வெளியேற்றச் சொல்லிச் சங்கம் கேட்டது. லீக் அதற்குத் தயாராக இல்லை. தாங்கள் சத்தம் போடப் போட லோஃப்லருக்குத்தான் லாபம் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. ‘என் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள்’ என்று சொல்லியே அவர் ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அவர்கள் செய்ததுதான் என்னை அசத்தியது. அவர் பெயரைச் சொல்வதையே நிறுத்தினார்கள். எதிர்த்து நிற்பவர்களில் யார் சரி என்று விசாரித்தார்கள். ரஃபேல் வார்னாக் என்ற பாதிரியாரிடம் ஜூமில் பேசி, கேள்விகள் கேட்டு, பதில்களில் திருப்தி அடைந்த பிறகே முடிவெடுத்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் போதித்த எபனேசர் தேவாலயத்தின் போதகர் அவர். அன்றைய கருத்துக்கணிப்புகளில் பின்வரிசையில் இருந்தார். சியாட்டில் அணியின் வெள்ளையின வீராங்கனை சூ பேர்ட் கொடுத்த யோசனைப்படி, ஆகஸ்ட் 4 அன்று ட்ரீம் அணியினர் ‘வோட் வார்னாக்’ என்று அச்சிட்ட கறுப்பு டி-ஷர்ட் அணிந்து வந்தார்கள். மற்ற அணியினரும் அதையே அணிந்தார்கள். இரண்டே நாளில் வார்னாக்கின் பிரசாரத்துக்கு 1,80,000 டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது.

சொந்த முதலாளியை எதிர்த்து நிற்பவருக்கு, அதே முதலாளியின் அணிக்காக ஆடிக்கொண்டே வாக்குக் கேட்டார்கள். ஆண்கள் லீகில் புழங்கும் கோடிகள் இவர்களுக்குக் கிடையாது. வேலை போனால் போனதுதான்.

நவம்பரில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காததால் 2021 ஜனவரி 5-இல் நடந்த மறுசுற்றில் வார்னாக் லோஃப்லரை வென்றார். மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவராக இருக்கும் ஜார்ஜியாவுக்கு அவர்தான் முதல் கறுப்பின செனட்டர். பிப்ரவரியில் அணி கைமாறியது. வாங்கிய மூவரில் ஒருவர் ரெனே மாண்ட்கோமரி. சமூக நீதிப் பணிக்காக 2020 சீசனையே விட்டுக்கொடுத்த அதே அணியின் வீராங்கனை.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. வார்னாக் 2022-இல் மீண்டும் தேர்தலைச் சந்தித்தபோது லோஃப்லரின் குடியரசுக் கட்சி யாரை நிறுத்தியது தெரியுமா? ஹெர்ஷல் வாக்கர். கறுப்பினத்தவர், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து நாயகன், 1982-இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கியவர். அதற்கு முன் எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. 2017-இல் கறுப்பின வீரர்கள் மண்டியிட்டதற்காக மேடையில் ஆபாசமாகத் திட்டிய டிரம்ப்தான் இவரை ஆதரித்தார். ஆகவே வீரர்கள் அரசியலுக்கு வருவது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. கறுப்பு முகம் ஒன்றை நிறுத்தினால் கறுப்பின வாக்கு பிரியும் என்று கணக்குப் போட்டிருந்தால் அது பலிக்கவில்லை. கறுப்பின வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வார்னாக்குக்கே வாக்களித்தார்கள்.

கறுப்பின அமெரிக்கர்கள் அணி உரிமையாளர்களை ஏன் இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்று கேட்டால், நான் கர்ட் ஃபிளட்டைப் பற்றிச் சொல்வேன். பேஸ்பாலில் செயின்ட் லூயிஸ் அணியின் நட்சத்திரம், 90,000 டாலர் சம்பளம். 1969-இல் அவரைக் கேட்காமலேயே பிலடெல்பியா அணிக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைய ஒப்பந்தப்படி ஒரு வீரர் காலம் முழுக்க அணிக்குக் கட்டுப்பட்டவர். விற்றால் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தை விட வேண்டும். தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்து இல்லை என்று கமிஷனருக்கு எழுதினார். நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அப்போது எத்தனை பேர் முகம் சுளித்தார்கள்! அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்துகொண்டிருந்த நாட்டில், ஒரு கறுப்பின மனிதர் அந்தச் சொல்லைச் சும்மா எடுத்திருப்பாரா? வழக்கு போட்டார். பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அன்று ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட அவருக்காக நீதிமன்றம் வரவில்லை. 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே, 1971-லேயே முடிந்துபோயிருந்தது. 1975-இல் வேறு இரு வீரர்களின் முறையீட்டில் நடுவர் ஒருவர் தந்த தீர்ப்பால் அந்த விதி உடைந்தது. இன்று பேஸ்பாலில் கோடிகளில் ஒப்பந்தம் போடும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்.

சரி, அது பழைய காலம் என்பீர்கள். 2017-இல் தேசிய கீத விவகாரம் பற்றி அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் அணி உரிமையாளர்கள் கூடிப் பேசியபோது, ஹூஸ்டன் அணியின் உரிமையாளர் பாப் மெக்நேர், சிறையைக் கைதிகள் நடத்த விட முடியாது என்ற பொருளில் பேசினார். செய்தி வெளியானதும் மன்னிப்புக் கேட்டார். ஏறத்தாழ எழுபது சதவீத வீரர்கள் கறுப்பினத்தவராக உள்ள லீகைப் பற்றி அவர் மனதில் என்ன படம் இருந்தது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. அந்த தேசபக்திக் காட்சிகளுக்கும் ஒரு விலை இருந்தது. மைதானங்களில் ராணுவ வீரர்களைக் கௌரவிக்கும் நிகழ்ச்சிகள் சிலவற்றுக்குப் பாதுகாப்புத் துறை அணிகளுக்குப் பணம் கொடுத்திருந்ததை, 2015-இல் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃபிளேக் என்ற இரு செனட்டர்களின் அறிக்கை அம்பலப்படுத்தியது. காசு வாங்கிக்கொண்டு நடத்தினால் அது அரசியல் இல்லையாம், காசு வாங்காமல் மண்டியிட்டால் அது அரசியலாம். கேப்பர்னிக் 2016 சீசனுக்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

என்னை மிகவும் கோபப்படுத்துவது இன்னொன்று. தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கு என்.எஃப்.எல். நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. மறதி நோயை அளக்கும் சோதனையில் கறுப்பின வீரர்களுக்குத் தனி அளவுகோல் வைத்தார்கள். தொடக்கத்திலேயே அவர்களுடைய அறிவுத்திறன் குறைவு என்பது அதன் அனுமானம். அதனால் ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் வெள்ளையினத்தவர் நோயாளி ஆவார், கறுப்பினத்தவர் ‘இவருக்கு இது இயல்புதான்’ என்று திருப்பி அனுப்பப்படுவார். கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் வீரர்கள் 2020 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தார்கள். ‘நிறவெறியை ஒழிப்போம்’ என்று மைதானத்தில் என்.எஃப்.எல். எழுதி வைத்த சீசன் அது. இந்த அளவுகோலைக் கைவிடுவதாக 2021 ஜூனில்தான் சொன்னார்கள். அந்த இடைவெளியில் தன் பெயரையே மறந்துகொண்டிருந்த கணவரைப் பராமரித்த பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் போய் விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டவர்கள் மேசையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதுதான் என் கேள்வி. என்.எஃப்.எல். வரலாற்றில் பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்த கறுப்பின உரிமையாளர் ஒருவர்கூட இல்லை. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும் என்று 2003-இல் ரூனி விதி வந்தது. 2022-இல் கறுப்பினப் பயிற்சியாளர் பிரையன் ஃபுளோரஸ் இனப் பாகுபாடு காட்டுவதாக லீக் மீது வழக்குப் போட்ட நாளில், லீக் முழுவதிலும் மைக் டாம்லின் ஒருவர்தான் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் நேர்காணலுக்குப் போகும் முன்னரே அந்த வேலை இன்னொருவருக்கு முடிவாகிவிட்டது, விதிக்காகத்தான் தன்னை அழைத்தார்கள் என்பது ஃபுளோரஸின் குற்றச்சாட்டு. அணி அதை மறுக்கிறது. இதை நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத் தீர்ப்புக்கு விட வேண்டும் என்று லீக் வாதாடியது. அதற்கு நடுவர் யார்? உரிமையாளர்களிடம் சம்பளம் வாங்கும் கமிஷனர் ரோஜர் குடெல். 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்த வழக்கு திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும். நேர்காணல் குறிப்புகளும் குறுஞ்செய்திகளும் வெளியே வரட்டும். உரிமையாளர்கள் சத்தியம் செய்து சாட்சிக் கூண்டில் பதில் சொல்லட்டும்.