மேட்டு நிலம் இல்லாத நாடு

இலங்கை மலையகத்து மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், அம்மாயி கிளம்பிவிடுவார். பழைய மஸ்கெலியா டவுன் 1960களின் கடைசியில் அந்த நீர்த்தேக்கத்துக்குள் போனது. வெயில் காலத்தில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். சேற்றில் நின்றுகொண்டு, "இங்கதான் ஒங்க தாத்தா வெத்தல வாங்குவாரு" என்று கை காட்டுவார். ஊர் அழிந்துபோனது என்று மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மேலே மேட்டில் புது டவுன் வந்தது, பெயரும் கூடவே ஏறிப்போனது.

கடல் மட்டம் உயர்ந்து மூழ்கும் அபாயத்தில் இருக்கும் பசிபிக் தீவு நாடான துவாலுவுக்கு அந்த மேடு கிடையாது. 9 தீவுகள், மொத்தமே 26 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய 11,000 பேர். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றைச் சேர்த்தாலே அவ்வளவு நிலம் வந்துவிடும். ஆனால் அவர்களுடைய கடல் அந்த நிலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. 1982 கடல் சட்ட ஒப்பந்தப்படி, கரையில் வற்றுநீர்க் கோட்டிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்வளம் அந்த நாட்டுக்கே. சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் பணத்தில்தான் அரசாங்கம் பெருமளவு நடக்கிறது. சரி, கரையைக் கடல் தின்றுவிட்டால் அந்தக் கோடு என்னாகும்?

அளந்த கோடு அளந்ததுதான் என்று 2021இல் அந்தப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான பசிபிக் தீவுகள் மன்றம் அறிவித்தது. கோடுகளை மாற்றி வரைய வேண்டியதில்லை என்றும், நாட்டுக்குரிய அம்சங்களில் ஒன்று மறைவதாலேயே நாடு இல்லாமல் போய்விடாது என்றும் 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. வெறும் ஆலோசனைக் கருத்துதான், ஆனாலும் அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏனென்றால் காலுக்குக் கீழே மண் இருந்தும் நாடற்றவர்களாகக் கிடந்தவர்கள் நாங்கள், இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்கள். 1948 பிரசாவுரிமைச் சட்டம் எங்களை வெளியே தள்ளியது. இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த யாரையும் கேட்கவில்லை. அம்மாயியின் தம்பி அந்தக் கணக்கில் கப்பல் ஏறியவர். அம்மாயியின் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய பிரசாவுரிமைச் சான்றிதழ் இருக்கிறது. அடையாள அட்டை வந்து எத்தனையோ வருடமாகியும் அதை யாரையும் தொட விடமாட்டார்.

அதனால் துவாலுவும் அவுஸ்திரேலியாவும் 2023இல் செய்த ஃபலேபிலி ஒப்பந்தத்தைப் படித்தபோது, ஆட்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் தேடினேன். வருடத்துக்கு 280 பேர் அவுஸ்திரேலியாவுக்குப் போகலாம், குலுக்கல் முறையில். கடல் ஏறினாலும் துவாலு நாடாகவே தொடரும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. விரும்பினவர் போகலாம், திரும்பியும் வரலாம். எங்களுக்குக் கிடைக்காத மரியாதை அது. ஆனால் வேறு நாட்டோடு பாதுகாப்பு உடன்பாடு செய்ய அவுஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும் என்ற பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவனிடம் சாவியைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

மாலைதீவு நமக்குப் பக்கத்து வீடு. அதன் நிலத்தில் 80 வீதத்துக்கும் மேல் கடல் மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம்கூட இல்லை. அந்த மக்கள் என்றாவது இங்கே வந்து இறங்கினால், அவர்கள் கையில் இருக்கும் மாலைதீவுக் கடவுச்சீட்டு செல்லும் என்று இலங்கை இப்போதே எழுதி வைக்கட்டும்.