ஹீலா பல்லியின் மூச்சில் விஷம் இல்லை

'ஹீலா பல்லிக்குக் கழிவுத்துளை கிடையாது, விஷம் உள்ளேயே தேங்குவதால் அதன் மூச்சுப்பட்டாலே ஆள் காலி' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது அமெரிக்காவில் நெடுங்காலமாக உலவும் கட்டுக்கதை. மற்ற பல்லிகளைப் போலவே அதற்கும் கழிவுத்துளை உண்டு. மூச்சில் விஷம் இல்லை.

விஷம் இருப்பது உண்மை. ஆனால் பாம்பைப் போல மேல்தாடையில் அல்ல, கீழ்த்தாடையில். ஊசிபோல் பாய்ச்சவும் முடியாது. பற்களில் மெல்லிய பள்ளங்கள் இருக்கின்றன. கடித்த இடத்தை விடாமல் மென்றுகொண்டே இருக்கும்போது, அவற்றின் வழியே விஷம் கசிந்து காயத்தில் இறங்கும். வலி கொடுமையானது, இரத்த அழுத்தம் சரியலாம், உடனே மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். மரணம் மிக அரிது.

துரத்தி வந்து கடிக்கும் என்று அவர் சொல்வதும் தவறு. அமெரிக்காவின் அரிசோனா, மெக்சிகோவின் சோனோரா பாலைவனங்களில் வாழும் இந்த அரை மீட்டர் பிராணி வாழ்நாளின் பெரும்பகுதியை வளைக்குள்தான் கழிக்கிறது. முட்டைகளும் குஞ்சுகளும் கிடைக்கும்போது வயிறுமுட்டத் தின்று, கொழுப்பை வாலில் சேர்த்துக்கொள்ளும். நன்றாகத் தின்ற பல்லியின் வால் தடித்த கட்டைபோல் இருக்கும்; பட்டினி கிடந்தால் சுருங்கிவிடும்.

கண்டதும் அடித்துக் கொல்லுங்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறாரே, அதுதான் என்னை எழுத வைத்தது. 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸெனடைட் என்ற நீரிழிவு மருந்து, இதன் விஷத்தில் கண்டெடுத்த ஒரு ஹார்மோனின் செயற்கை வடிவம். அரிசோனாவில் 1952 முதலே இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.