மன்னர் போனார், எல்லை நின்றது

அயர்லாந்துக்கு எப்போது சுதந்திரம் கிடைத்தது என்று கேட்டால் பொது அறிவுப் புத்தகங்கள் 1922 என்று போட்டிருக்கும். ஐரிஷ்காரர்களிடம் கேட்டால் ஒரே பதில் வராது. 1916 ஈஸ்டர் எழுச்சி என்பார் ஒருவர். முதல் டாயில், அதாவது அவர்களுடைய முதல் மக்கள் சபை, கூடிய 1919 என்பார் இன்னொருவர். 1937 அரசியல் சட்டம், 1949 குடியரசு என்று அடுத்தடுத்து ஆள் இருப்பார்கள். வடக்கே ஆறு கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள், பிரிட்டனோடு இருக்கும்போது சுதந்திரம் முழுதாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்களும் உண்டு.

இந்த வரலாற்றின் மேல் எனக்கு நெடுநாள் ஈடுபாடு. படிக்கப் படிக்க ஒரு விஷயம் மட்டும் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அரசுக்கு என்ன வடிவம், அதன் தலையில் யார் என்பதற்காக 1922-இல் ஒரே படையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அந்த வடிவம் பதினைந்தே வருடத்தில், ஒரு குண்டுகூட வெடிக்காமல், சட்டத் திருத்தங்களிலேயே கரைந்து போனது. அன்றைக்கு அவர்கள் அதிகம் பேசாமல் விட்ட எல்லைக்கோடு நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது.

கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி படையோடு வந்து இறங்கிய பிறகு அயர்லாந்து ஆங்கில மன்னரைத் தன் பிரபுவாக ஏற்ற நிலம். 16-ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி அதைத் தனி ராஜ்யமாக்கி அதற்கும் தானே ராஜாவானார். டப்ளினில் நாடாளுமன்றம் இருந்தது. ஆனால் பாய்னிங்ஸ் சட்டம் என்று ஒன்று இருந்ததால், இங்கிலாந்து ஒப்புக்கொள்ளாத மசோதாவை அது கையில் எடுக்கவே முடியாது. 1782-இல் ஹென்றி கிராட்டன் காலத்தில் அந்தக் கட்டு தளர்ந்தது. நாட்டின் பெரும்பான்மையான கத்தோலிக்கர்கள் உறுப்பினராக உட்கார முடியாத அந்த சபையைக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. 1798 கிளர்ச்சி நசுக்கப்பட்ட பிறகு அதுவும் போனது. 1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்ட பகுதி. டப்ளின் காலேஜ் கிரீனில் இருந்த நாடாளுமன்றக் கட்டடம் பாங்க் ஆஃப் அயர்லாந்துக்கு விற்கப்பட்டது. மறுபடி யாரும் அங்கே கூடிவிடக் கூடாது என்று மக்களவை மண்டபத்தையே அடையாளம் தெரியாமல் மாற்றினார்கள். பிரபுக்கள் அவை மண்டபம் மட்டும் தப்பித்தது.

ஒரே நாடு, ஒரே நாடாளுமன்றம் என்று சொன்ன அந்தக் காலத்தில்தான் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு அந்த இணைப்பை நியாயப்படுத்த யாராலும் முடியவில்லை என்பதே என் எண்ணம். சுயாட்சி மசோதாக்கள் 1886, 1893, 1912 என்று வந்தன. மூன்றாவது ஒருவழியாகச் சட்டமாகியும் உலகப் போரைக் காட்டி நிறுத்திவைக்கப்பட்டது.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். 1916 ஈஸ்டர் திங்களன்று டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தின் முன்னால் பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். கையெழுத்திட்ட ஏழு பேரையும் பிரிட்டிஷ் அரசு சுட்டுக் கொன்றது. 1918 டிசம்பர் தேர்தலில், குடியரசு கேட்ட சின் ஃபெய்ன் கட்சி 105 இடங்களில் 73-ஐப் பிடித்தது. வெஸ்ட்மின்ஸ்டருக்கு, அதாவது லண்டன் நாடாளுமன்றத்துக்கு, போக மாட்டோம் என்று சொல்லி, 1919 ஜனவரி 21 அன்று டப்ளின் மேன்ஷன் ஹவுஸில் தாங்களே கூடினார்கள். வருகைப் பதிவு வாசித்தபோது பெயருக்குப் பெயர் ‘அந்நியரால் சிறை வைக்கப்பட்டவர்’ என்ற பதில்தான் வந்தது. வந்திருந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. அங்கீகாரம் இல்லாமல், கஜானா இல்லாமல், பாதி உறுப்பினர்கள் சிறையில் இருக்க, அந்தக் கூட்டம் தன்னை ஒரு நாட்டின் அரசு என்று அறிவித்தது. கிராமம் கிராமமாக நீதிமன்றம் வைத்தது. கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டியது. மக்கள் அந்த நீதிமன்றங்களுக்குப் போனார்கள், அந்தப் பத்திரங்களை வாங்கினார்கள். ஒரு அரசு பிறப்பதை இவ்வளவு பக்கத்தில் காட்டும் வேறு சம்பவம் எனக்குத் தெரியாது.

அதே நேரத்தில் லண்டன் வேறொரு வேலை செய்தது. 1920 சட்டம் தீவை வடக்கு, தெற்கு என்று வெட்டி ஆளுக்கொரு நாடாளுமன்றம் கொடுத்தது. அல்ஸ்டர் மாகாணத்தின் ஒன்பது கவுண்டிகளில் டோனெகால், கேவன், மோனகன் மூன்றையும் விட்டுவிட்டு, பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகளுக்கு உறுதியான பெரும்பான்மை கிடைக்கும்படி ஆறை மட்டும் எடுத்தார்கள். தெற்கு நாடாளுமன்றத்துக்கு 128 இடம். 124-இல் சின் ஃபெய்ன் போட்டியின்றி ஜெயித்து, அங்கே கால் வைக்க மறுத்துவிட்டது. 1921 ஜூனில் கீழவை கூடியபோது வந்தவர்கள் டிரினிட்டி கல்லூரித் தொகுதியின் நான்கே பேர். வடக்கில் அப்படி இல்லை. பெல்ஃபாஸ்ட் நாடாளுமன்றத்தை ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே நேரில் வந்து திறந்துவைத்தார். இதை அழுத்திச் சொல்கிறேன்: லண்டனில் ஒப்பந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே வடக்கில் ஒரு அரசு நடக்கத் தொடங்கிவிட்டது.

பிரிட்டனோடு நடந்த சண்டை ஓய்ந்தபின் லண்டனில் போட்ட 1921 டிசம்பர் 6 ஒப்பந்தம் கொடுத்தது டொமினியன் அந்தஸ்து. கனடா போல. கவர்னர் ஜெனரல் இருப்பார், உறுப்பினர்கள் மன்னருக்கு விசுவாசம் சொல்லிப் பிரமாணம் எடுக்க வேண்டும். இறுதி விடுதலை இது இல்லை, அதை எட்டுவதற்கான விடுதலை என்று வாதாடினார் அதில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ். டாயில் அரசின் தலைவர் டி வலேரா ஏற்கவில்லை. அயர்லாந்து உள்ளுக்குள் குடியரசாக இருக்கும், வெளியே காமன்வெல்த்தோடு ஒரு தொடர்பு வைத்துக்கொள்ளும் என்பது அவருடைய மாற்றுத் திட்டம்.

கிறிஸ்துமஸ் விடுமுறை போக டாயிலில் வாரக்கணக்கில் நடந்த ஒப்பந்த விவாதத்தைப் படித்துப் பாருங்கள். பிரமாணம், மன்னர், குடியரசு, செத்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு. உருக்கமான பேச்சுகள், ஒத்துக்கொள்கிறேன். எல்லையைப் பற்றி? பெல்ஃபாஸ்டில் பிறந்த ஷான் மெக்என்டீ போல ஒருசிலர் கத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான். டி வலேராவின் மாற்றுத் திட்டத்திலும் வடக்கு பற்றிய பகுதி ஏறக்குறைய ஒப்பந்தத்தில் இருந்ததேதான். எல்லை ஆணையம் ஒன்று வரும், ஃபெர்மனா, டிரோன் கவுண்டிகள் நம் பக்கம் வந்துவிடும், மிச்சம் தாக்குப்பிடிக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். 1925-இல் ஆணையத்தின் முடிவு முன்கூட்டியே பத்திரிகையில் கசிந்தது. பெரிய மாற்றம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் தெற்கிலிருந்தே கொஞ்சம் வடக்குக்குப் போகும் என்று தெரிந்ததும், அறிக்கையை மூடி வைத்து, இருந்த கோட்டையே மூன்று அரசுகளும் ஒப்புக்கொண்டன.

1922 ஜனவரி 7 அன்று 64-க்கு 57 என்று ஒப்பந்தம் நிறைவேறியது. அடுத்த சில மாதங்கள் டப்ளினில் ஒரே நேரத்தில் இரண்டு அரசாங்கம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இன்னொருவரான ஆர்தர் கிரிஃபித் தலைமையில் டாயில் அமைச்சரவை, காலின்ஸ் தலைமையில் ஒப்பந்தப்படியான தற்காலிக அரசு. அந்தக் குழப்பத்தை ஒரு சின்னப் பொருளில் பார்க்கலாம். தபால்தலை சேகரிப்பவர்களுக்குத் தெரியும்: அந்த வருடம் பிப்ரவரியில் வெளிவந்தவை பழைய பிரிட்டிஷ் தபால்தலைகள்தான். ஐந்தாம் ஜார்ஜின் முகம், அதன் மேலேயே கேலிக் எழுத்தில் ‘அயர்லாந்தின் தற்காலிக அரசு 1922’ என்று கறுப்பு மையில் ஒரு அச்சு. மன்னரின் தாடியும் கழுத்தும் அந்த வரிகளுக்குப் பின்னால் தெரியும். டிசம்பரில் அயர்லாந்து சொந்தமாக அச்சிட்ட முதல் தபால்தலையில் மன்னர் இல்லை, தீவின் வரைபடம் இருந்தது. முழுத் தீவு, நடுவே எந்தக் கோடும் இல்லாமல்.

ஜூன் கடைசியில், ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் பிடித்து வைத்திருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத்தின் மேல் பீரங்கி வெடித்து உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கே இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து, நூற்றாண்டுக் கணக்கான பதிவேடுகள் சாம்பலாயின. ஆகஸ்டில் கிரிஃபித் இறந்தார். பத்து நாள் கழித்து, தான் பிறந்த கார்க் கவுண்டியிலேயே பதுங்கியிருந்து தாக்கியவர்கள் கையில் காலின்ஸ் செத்தார். ஒப்பந்தப்படி அமைந்த சுதந்திர அரசு தன் பழைய தோழர்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுத் தண்டனை நிறைவேற்றியது. இதை எந்தப் பக்கம் நின்றும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

பிரமாணம் என்ன ஆனது என்று பாருங்கள். 1927-இல் டி வலேரா டாயிலுக்குப் போனார். மேஜையில் இருந்த பைபிளை நகர்த்தி வைத்துவிட்டு, இது பிரமாணம் இல்லை என்று சொல்லிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். 1932-இல் ஆட்சிக்கு வந்தார், 1933-இல் பிரமாணமே ரத்து. மேனூத்தில் கடை வைத்திருந்தவரும் 1916-இல் சண்டையிட்டவருமான டோனல் ஓ பக்லியைக் கவர்னர் ஜெனரல் ஆக்கினார். அவர் அந்த மாளிகைக்குப் போகவே இல்லை, புறநகரில் ஒரு சாதாரண வீட்டில் இருந்துகொண்டார். 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் முடி துறந்த நேரம் பார்த்து, இரண்டே நாளில் மன்னரையே அரசியல் சட்டத்திலிருந்து எடுத்தாயிற்று. 1937 ஜூலையில் 6,85,105 பேர் ஆதரிக்க, 5,26,945 பேர் எதிர்க்கப் புதிய அரசியல் சட்டம் வந்தது. காலின்ஸ் சொன்ன வழியில் கடைசி வரை நடந்து காட்டியவர் டி வலேராதான். இதை 1922-இலேயே அவர் ஒப்புக்கொண்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்விக்கு அவர் ஒருபோதும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

அதற்கு அப்புறமும் ஒரு மயக்கம் மிச்சமிருந்தது. டப்ளினில் குடியரசுத் தலைவர் இருக்கிறார், ஆனால் வெளிநாட்டுத் தூதர்களுக்கான நியமனப் பத்திரம் மன்னர் பெயரில் போகிறது. நாம் குடியரசா இல்லையா என்று 1945-இல் டாயிலில் கேட்டபோது, டி வலேரா அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் எடுத்து வாசித்துக் குடியரசுதான் என்று நிறுவினார். 1949 ஏப்ரல் 18, ஈஸ்டர் திங்கள், பிரதமர் காஸ்டெல்லோவின் அரசு அதை முடித்துவைத்தது. அயர்லாந்து குடியரசு ஆனது, காமன்வெல்த்திலிருந்தும் வெளியேறியது. அதற்குப் பத்து நாள் கழித்து லண்டனில் ஒரு அறிவிப்பு: இந்தியா குடியரசாகிக்கொண்டே காமன்வெல்த்தில் இருக்கலாம். 1921-இல் டி வலேரா கேட்டு மறுக்கப்பட்டதற்கு வெகு அருகில் வரும் ஏற்பாடு அது. நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் 1937 ஐரிஷ் சட்டத்திலிருந்து எடுத்தவை என்று படித்திருப்போம். இந்தக் கொடுக்கல் வாங்கலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வடக்கின் கதையை முடித்துவிடுகிறேன். ஐம்பது வருடம் ஒரே கட்சி ஆண்டது. டெரி நகரில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை, ஆனால் வார்டு எல்லைகளை வளைத்துப் போட்டதால் நகராட்சி யூனியனிஸ்டுகள் கையில். சிவில் உரிமை ஊர்வலம், தடியடி, பிறகு துப்பாக்கி. 1972 ஜனவரி 30 அன்று டெரியில் ஊர்வலம் போனவர்களை ராணுவம் சுட்டுக் கொன்ற ரத்த ஞாயிறுக்குப் பிறகு, வடக்கின் நாடாளுமன்றமான ஸ்டோர்மாண்ட் முடக்கப்பட்டது. 1998 பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை வருவதற்குள் மூவாயிரத்து ஐந்நூறு உயிர்கள் போயின.

அந்த உடன்படிக்கைக்காக அயர்லாந்து தன் அரசியல் சட்டத்தின் 2, 3-ஆம் பிரிவுகளை மாற்றிக்கொண்டது. முழுத் தீவும் எங்கள் நிலம் என்று எழுதியிருந்த இடத்தில், தீவில் பிறந்த யாரும் விரும்பினால் எங்களவர், இரு பகுதிப் பெரும்பான்மையும் சம்மதித்தால்தான் இணைப்பு என்று வந்தது. தெற்கில் 94 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. நிலத்தின் மேல் வைத்த உரிமையை ஒரு நாடு வாக்குப்போட்டுத் தளர்த்தியதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். எழுச்சியை விடவும் இது எனக்குப் பெரிது.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இணைப்பு வாக்கெடுப்பு பற்றிய பேச்சு சூடு பிடித்திருக்கிறது. எப்போது என்று கேட்கிறார்கள், எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஜெயித்தால் அந்த அரசு எப்படி இருக்கும்? ஸ்டோர்மாண்ட் இருக்குமா, தங்களை பிரிட்டிஷ்காரர்களாகவே நினைக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு அங்கே என்ன இடம்? இதை வாக்கெடுப்புக்கு முன்பே பேசி எழுதிவைத்தாக வேண்டும். 1921-இல் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1937 அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவிலேயே, டப்ளினுக்குக் கீழ் துணைச் சட்டமன்றங்களை உருவாக்கவோ அங்கீகரிக்கவோ சட்டம் கொண்டுவரலாம் என்று ஒரு வரி இருக்கிறது. இதுவரை யாரும் பயன்படுத்தவில்லை. பேச்சை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.