தீபாவளி லட்டு போதாது, ஒரு மணி நேரம் வேண்டும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர் என் பக்கத்தைப் படிக்கிறீர்கள். பேராசிரியர்களைச் சொல்லவில்லை. ஆய்வகத்தைக் கட்டிக் காப்பவர்கள், துறை அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்கள், நூலகத்தில் இருப்பவர்கள், கணினிப் பிரிவில் இருப்பவர்கள், மாணவர் சாப்பாட்டுக்கூடத்தில் நிற்பவர்கள். என்னைப் போன்றவர்கள். பட்டமளிப்பு விழா மேடையில் நமக்கு நாற்காலி கிடையாது. ஆனால் நாம் ஒரு நாள் வராவிட்டால் சம்பளப் பட்டியல் நகராது, கூடம் திறக்காது. உங்களிடம் ஒரு விஷயத்தைப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஊழியர் குழுக்களைப் பற்றி. சில இடங்களில் ஈஆர்ஜி (எம்ப்ளாயி ரிசோர்ஸ் குரூப்) என்கிறார்கள், சில இடங்களில் ஆர்வக் குழு. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று, ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்கு ஒன்று, வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்கு ஒன்று, தோட்டம் போடுபவர்களுக்கு, பின்னல் போடுபவர்களுக்கு என்று ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்திலேயே பத்துப் பன்னிரண்டு குழுக்கள் இருக்கும். "வேலையைப் பார்த்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கணும், இதெல்லாம் எச்ஆர் கண்துடைப்பு" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தக் குழுக்கள் மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன். அதனாலேயே அவை இப்போது நடக்கிற விதத்தின் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது.

முதலில் ஏன் அவசியம் என்று சொல்கிறேன்.

எங்கள் கட்டிடத்தில் வேலை பார்க்கும் ஒரு தோழிக்குத் திருச்சியில் அம்மா. பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். இருக்கிற விடுப்பு முழுவதையும் எடுத்தாலும் மூன்று வாரம் தேறாது. வேலையை விட்டுவிடலாமா என்று அழுதுகொண்டிருந்தவரை, பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களின் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பெண்மணி, இதையெல்லாம் தானே அனுபவித்து முடித்தவர், பொறுமையாக விளக்கினார். 1993-இல் வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டப்படி, வேலை பார்க்கும் இடத்தில் பன்னிரண்டு மாதமும் அதில் கடைசி ஆண்டில் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருந்தால், பெற்றோரின் கடும் நோய்க்காகப் பன்னிரண்டு வாரம் வரை சம்பளமில்லாத விடுப்பு எடுக்கலாம். வேலை போகாது, மருத்துவக் காப்பீடும் தொடரும். நோயாளி வேறு நாட்டில் இருந்தால் அந்த நாட்டு மருத்துவரின் சான்றிதழே செல்லும். கேட்டால் மொழிபெயர்ப்பு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். திருச்சி டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடு என் தோழி ஊருக்குப் போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

இந்தச் சட்டம் எச்ஆர் இணையதளத்தில் எப்போதும் இருந்ததுதான். ஆனால் அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் யார் நாற்பது பக்க விதிமுறையைப் படிப்பார்கள்? அனுபவப்பட்ட ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் படிவம், இந்தக் கட்டம், இப்படி எழுது என்று சொல்ல வேண்டும். (நம் வீடுகளுக்கு முக்கியமான ஒன்று: இந்தச் சட்டத்தில் மாமனார் மாமியார் சேர்த்தி இல்லை. மாமியாரைக் கடைசி வரை பார்த்துக்கொள்கிற நம் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று யோசித்துப் பாருங்கள். இதையும் எனக்கு அந்தக் குழுவில்தான் சொன்னார்கள்.)

இன்னொன்று விசா. பல்கலைக்கழகங்களுக்கு எச்1பி வேலை விசாவில் ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. நிறுவனங்கள் குலுக்கலில் காத்துக்கிடக்க, பல்கலைக்கழகம் ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இப்படி வந்தவர் வெளியே ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாற நினைத்தால் பெரும்பாலும் அந்தக் குலுக்கலில்தான் போய் நிற்க வேண்டும். பிடிக்காத மேலாளரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் பலர் இதனால்தான் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, புதிய எச்1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். ஊருக்குப் போயிருந்தவர்கள் விமான டிக்கெட்டுக்கு அலைந்தார்கள். கையில் விசா இருப்பவர்களுக்கும் புதுப்பிப்பவர்களுக்கும் இது பொருந்தாது என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. அந்த இரவு வாட்ஸாப்பில் ஓடிய வதந்திகளைத் தடுத்து நிறுத்தியது எங்கள் வெளிநாட்டு ஊழியர் குழுவில் இருந்த சிலர்தான். உத்தரவின் மூலத்தை வரி வரியாகப் படித்து, எது உறுதி, எது இன்னும் தெளிவாகவில்லை என்று பிரித்துச் சொன்னார்கள். சொந்தம் என்ற உணர்வு பிறப்பது இப்படிப்பட்ட இரவுகளில்தான் என்று நான் நம்புகிறேன்.

சரி, கோபம் எதற்கு?

எங்கள் கட்டிடத்தை இரவில் சுத்தம் செய்யும் எல் சால்வடார்க்கார அம்மா ஒருவர். பதினொரு மணிக்கு வந்து காலை ஏழு மணிக்குப் போவார். என் மேசையில் இருந்த குழு அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, "இது எப்போது நடக்கும்?" என்று கேட்டார். மதியம் பன்னிரண்டுக்கு என்றேன். "அப்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, இயல்பாகச் சொன்னார். சாப்பாட்டுக்கூடத்தில் நிற்பவர்களுக்கோ பன்னிரண்டு மணிதான் மூச்சு விட முடியாத நேரம். வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு அரை மணி நேர உணவு இடைவேளை. வளாகத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போய் வரவே அது சரியாகிவிடும்.

1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில்தரச் சட்டம் ஊழியர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களில் பெரும்பாலோருக்கு மணிக்கணக்கு இல்லை. நான் ஒரு மணி நேரம் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து மாலையில் மிச்ச வேலையை முடித்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. மணிக்கூலிக்காரர் ஒவ்வொரு கால் மணியையும் டைம்ஷீட்டில் காட்ட வேண்டும். அவர் கூட்டத்துக்குப் போனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா, இல்லையா? எங்கும் எழுதி வைக்கவில்லை. "உங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்பதுதான் பதில். சூப்பர்வைசரிடம் கேட்கத் தயங்குகிறவர்களுக்காகத்தானே குழுவே இருக்கிறது!

இதனால் என்ன ஆகிறது? அனைவருக்குமான குழு என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே ஏற்கெனவே வசதியாக இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம். யாருக்குத் தனிமை அதிகமோ அவர் வெளியே நிற்கிறார். தீபாவளிக்கு லட்டும், சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்கும் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறது நிர்வாகம். எனக்கும் லட்டு பிடிக்கும், கோலம் போட நானும் போவேன். ஆனால் அதோடு நின்றுவிட்டால், கல்யாணத்துக்கு வந்தவர்களைப் பன்னீர் தெளித்து வரவேற்றுவிட்டுப் பந்திக்குக் கூப்பிடாமல் அனுப்புவது போலத்தான்.

இந்தக் குழுக்கள் ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1964 ஜூலையில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்தில் கறுப்பின மக்கள் கொதித்தெழுந்து பெரும் கலவரம் நடந்தது. ஜெராக்ஸ் நிறுவனம் அந்த ஊரில் இருந்தது. அதன் தலைவர் ஜோசப் வில்சன், கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்க முனைந்தார். அப்படி உள்ளே வந்தவர்கள், வந்த பிறகும் நியாயம் கிடைக்கவில்லை என்று கண்டு, தாங்களாகவே ஒன்றுகூடினார்கள். 1970 வாக்கில் அவர்களுடைய தேசிய அளவிலான குழு உருவானது. விற்பனையில் நல்ல வியாபாரம் நடக்கும் பகுதிகள் யாருக்குத் தரப்படுகின்றன, பதவி உயர்வு யாருக்குப் போகிறது என்பதைத்தான் அவர்கள் கேட்டார்கள். இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கும் குழுக்களின் வேர் அதுதான். கேட்பதற்காகக் கூடியவர்கள் அவர்கள்.

பல்கலைக்கழகத்திலேயே நடந்த ஒரு கதையும் உண்டு. ஹார்வர்ட் என்றதும் நமக்குத் தமிழ் இருக்கைதான் நினைவுக்கு வரும். 60 லட்சம் டாலர் திரட்டினோம், தமிழக அரசும் பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது, பெருமைதான். அதே ஹார்வர்டில் அலுவலகங்களிலும் ஆய்வகங்களிலும் நூலகங்களிலும் வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், 1970-களில் இருந்து ஒரு தொழிற்சங்கத்துக்காகப் போராடியதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மருத்துவப் பள்ளிப் பகுதியில், சங்கம் வேண்டுமா என்று ஊழியர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 1977-இலும் 1981-இலும் தோற்றார்கள். விடவில்லை. கிரிஸ் ராண்டோ என்ற, ஆய்வக உதவியாளராக இருந்த பெண் முன்னின்றார். துண்டறிக்கைகளை நம்பாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, சேர்ந்து சாப்பிட்டு, வீட்டு நிலவரம் கேட்டு ஆள் சேர்த்தார்கள். பாட்டுக் குழுகூட இருந்தது. 1988 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 1,530, எதிர்ப்பு 1,486. வெறும் 44 வாக்கு வித்தியாசம். அடுத்த ஆண்டு வந்த முதல் ஒப்பந்தத்தில் சம்பள உயர்வோடு குழந்தைப் பராமரிப்புக்கான உதவியும் இருந்தது.

சங்கம் வேறு, ஆர்வக் குழு வேறு என்பது எனக்குத் தெரியும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1935-இன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, முதலாளி பணம் கொடுத்து நடத்தும் குழு ஒன்று சம்பளம், வேலை நேரம் பற்றி நிர்வாகத்தோடு பேரம் பேசினால், அது நிர்வாகத்தின் கைப்பாவைச் சங்கம் ஆகிவிடும். அதற்குத் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, தனியாருக்குப் பொருந்தும். ஆனால் எங்கே பார்த்தாலும் வக்கீல்கள் இதைக் காட்டி, "வேலை விஷயமே பேசாதீர்கள், பண்டிகை கொண்டாடுங்கள்" என்று குழுக்களைச் சுருக்கிவிட்டார்கள். பேரம் பேச வேண்டாம். தகவல் சொல்லிக்கொள்ளலாமே! ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாமே! 2022-இல் வந்த சட்டப்படி தாய்ப்பால் எடுக்கக் கழிவறை தவிர்த்த தனி இடம் தர வேண்டும். எந்தக் கட்டிடத்தில் அந்த அறை இருக்கிறது, சாவி யாரிடம் என்று சொல்வதில் என்ன சட்டச் சிக்கல்? முதுகலைப் படிப்புக்குப் பல்கலைக்கழகம் தரும் கட்டண உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது என்று ஒரு சாப்பாட்டுக்கூட ஊழியருக்கு யார் சொல்வது?

இப்போது புதிதாக ஒரு காற்று அடிக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களை (எல்லாப் பின்னணியினரையும் சேர்த்துக்கொள்ள வைத்திருந்த பிரிவுகளை) மூட வேண்டும் என்று சட்டம் வந்தது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2025 மார்ச்சில் மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம், இனம் பார்த்து உறுப்பினர் சேர்க்கும் ஊழியர் குழுக்கள் 1964-இன் குடிமை உரிமைச் சட்டத்தை மீறக்கூடும் என்று எச்சரித்தது. பல இடங்களில் பெயர்ப்பலகைகள் அவசர அவசரமாக மாறின. எல்லாரும் வரலாம் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். எங்கள் பெற்றோர் பராமரிப்புக் குழுவில் வெள்ளைக்காரர்கள், கறுப்பினத்தவர், நேபாளிகள் எல்லாரும் இருக்கிறார்கள், மறதி நோய் யார் வீட்டிலும் இனம் பார்த்து நுழைவதில்லை. ஆனால் சட்டம் கேட்காததையும் பயந்துகொண்டு மூடுவதை என்னால் ஏற்க முடியாது. ஒரே அனுபவத்தைக் கடந்து வந்தவர்கள் தேடி வருவார்கள், மற்றவர்களும் வரலாம். கதவைத் திறந்து வைத்தால் போதும், அறையையே இடிக்க வேண்டியதில்லை.

எங்கள் குழுக்கள் சில சேர்ந்து டீனுக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ஊழியருக்கும், மணிக்கூலியோ மாதச் சம்பளமோ, மாதம் ஒரு மணி நேரம், சம்பளம் பிடிக்காமல், குழுக் கூட்டத்துக்கு. டைம்ஷீட்டில் அதற்கென்று தனிக் குறியீடு. சூப்பர்வைசர் நேரத்தை மாற்றச் சொல்லலாம், மறுக்கக் கூடாது. இரவு ஷிப்டுக்கு இரவில், அவர்கள் கட்டிடத்திலேயே கூட்டம். நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் ஹார்வர்டையே காட்டலாம். 1999-இல் தொடங்கிய அவர்களுடைய பிரிட்ஜ் திட்டத்தில் துப்புரவு, சமையல் ஊழியர்கள் வேலை நேரத்திலேயே சம்பளத்தோடு ஆங்கிலம் படிக்க முடிந்தது. வகுப்புக்கு நேரம் ஒதுக்க முடிந்தால் கூட்டத்துக்கும் முடியும்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் மணிக்கூலி ஊழியர்கள் குழுக்களுக்கு வர ஏற்பாடு ஏதாவது இருக்கிறதா? எழுத்தில் இருக்கிறதா, வாய்ச்சொல்லா? டைம்ஷீட்டில் எப்படிக் காட்டுகிறார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மனு அடுத்த மாதம் போகிறது, அதற்குள் கிடைத்தால் சேர்த்துக்கொள்வோம்.